ஊசி நுழையாத சுவர்

"வெளியிலை குளிரே அக்கா?" என்று கேட்டால், அவர் சப்பாத்துகளைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"நான் மெத்ரோவாலை இறங்கி வரேக்கை குளிர்ந்தது. இப்ப எப்பிடியெண்டு தெரியாது."

லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு நிமிட நடை, பிறகு ஐந்து மாடிப் படி. அதற்குள் பாரிஸின் குளிர் மாறியிருக்கலாம் அல்லவா என்பது அவருடைய கட்சி. முதலில் என் கணவர் இதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ஒரு கிழமையில் சிரிப்பை நிறுத்திவிட்டார். அக்கா பகிடி விடுகிறவர் அல்ல. கண்டதைச் சொல்வார். காணாததைச் சொல்லமாட்டார். அவ்வளவுதான் அவர்.

எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தோல் பையோடு அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். உறவு இல்லை. யாழ்ப்பாணப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், கடற்கரைப் பக்கம். வயது ஐம்பதுக்குக் கிட்ட. முன்னறையின் ஒரு மூலையில் திரை கட்டிக் கொடுத்தோம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பாரிஸை அடுத்த சென் தெனியில் ஓர் அலுவலகக் கட்டடம் துடைக்கும் வேலை. கணவருக்கு உணவகச் சமையலறை.

அகதி மனு எழுத வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அதை எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் கற்பனை கூடியவர். "வீடு எரிஞ்சதெண்டு போடுவம் அக்கா, அப்பதான் எடுபடும்" என்றார்.

"வீடு எரியேல்லை."

"பக்கத்து வீடு எரிஞ்சதுதானே?"

"அது பக்கத்து வீடு. எங்கடை வளவுக்கை ஷெல் விழுந்தது. கிணத்திலை இருந்து பன்னிரண்டு அடி. நடந்து பாத்தனான். அதைப் போடுங்கோ."

அதை மட்டுமே போட்டார்கள். இந்த மனு தேறாது என்று எழுதினவர் என் கணவரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் அக்காவுக்குப் பப்பியே, அகதியாக ஏற்றுக்கொண்ட பத்திரம், கிடைத்தது. எரிந்த வீடுகளோடு போன பலர் அப்போதும் காத்துக்கொண்டிருந்தார்கள். நேர்காணலில் என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். "கேட்டதுக்குப் பதில் சொன்னன்" என்றார்.

அவருடைய கணவர் மீன்பிடிக்கப் போனவர். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு புயல் நாளில் போன வள்ளம் திரும்பவில்லை. மாதா கோயிலில் ஒரு முறை சுவாமியார் இவரிடம் இரக்கமாக, "அவருக்காக ஒரு பூசை வைப்பமே, நினைவுநாள் எப்ப?" என்று கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"அவர் கடலுக்குப் போனதைக் கண்டனான் சுவாமி. செத்ததைக் காணேல்லை. போன நாள் வேணுமெண்டால் சொல்லுறன்."

தாலிக்கொடி கழுத்தில் அப்படியேதான் கிடந்தது. அவரைப் பார்க்க எனக்கு ஒருவிதப் பயம் வந்தது அன்றைக்குத்தான். ஏனென்றால் அதற்குள் அவர் என்னிடமும் ஒன்றைச் சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நாள்தோறும் சைக்கிளில் அடுத்த ஊர்ச் சந்திவரை வந்து, சந்தியடி வீடொன்றின் வேலியில் அதைச் சாத்திவிட்டு பஸ் எடுப்பான். அக்கா எங்களிடம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒருநாள் அவன் வீடு திரும்பவில்லை. கூட்டாளிகளோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். "தம்பி இந்தியாவில் சுகமாய் இருக்கிறானாம்" என்று அம்மா எழுதினா. நானும் லா சப்பல் முழுக்க அதையே சொல்லித் திரிந்தேன். அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி, வரும் என்று இருந்தேன்.

அக்கா வந்த இரண்டாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, பேச்சோடு பேச்சாக, "தம்பி இப்ப இந்தியாவிலை" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்லைப் பிள்ளை. உன்ரை தம்பியை எங்கடை சந்தியிலை வைச்சு ஆமி லொறியிலை ஏத்தினவங்கள். நான் கண்டனான்."

அந்தச் சந்தியடி வீடு அக்காவுடையது. சைக்கிள் சாத்துகிற வேலி அவருடைய வேலி.

"வேறை பொடியனாய் இருக்கும்."

"இல்லை. பச்சைச் சேட்டு. ஒரு காலிலை மட்டும் செருப்பு. சைக்கிளை அடுத்தநாள் நான்தான் உருட்டிக்கொண்டு போய் உன்ரை அம்மாட்டைக் குடுத்தனான். அம்மா சைக்கிளை வாங்கினவ. என்னை இனி அந்தப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொன்னவ."

"அப்ப செத்துப்போனான் எண்டு சொல்லுறீங்களோ?" நான் கத்தினேன்.

"அது தெரியாது. லொறி கிழக்காலை போனது. லொறியிலை ஏறினாப் பிறகு அவன்…"

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.

அதன் பிறகு நாலைந்து மாதம் அவரோடு நான் பேசியது உப்புக்கும் சோப்புக்கும்தான். அம்மா சொன்னதை நம்பினேன். இந்த மனுசிக்குக் கண் சரியில்லை என்று கணவரிடம் சொன்னேன். வேறு யாராவது என்றால், "ஒருவேளை நான் மாறிப் பாத்தனோ தெரியாது" என்று ஒரு வார்த்தை விட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், வீடு இலேசாகியிருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தருவார், என் வேலைச் சட்டையில் பொத்தான் கழன்றால் கேட்காமலே தைத்து வைப்பார். அந்த வார்த்தையை மட்டும் தரவில்லை.

காலை வேளைகளில் அக்கா கால்வாய்ப் பக்கம் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணியின் வீட்டில் வேலை செய்தார். 'மதாம்' என்பதை மடம் என்றுதான் அக்கா சொல்வார். எழுபத்தைந்து தாண்டியவர், கைத்தடி இல்லாமல் நடக்கமாட்டார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். "தபால்காரர் வந்தாரா?" என்று மடம் கேட்டால், "நான் நிண்ட நேரத்திலை வரேல்லை" என்று இவர் தன் புதுப் பிரெஞ்சில் சொல்வாராம். தன்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர்கூட இப்படிப் பதில் சொன்னதில்லை என்று மடத்துக்கு மகிழ்ச்சி.

அந்த மடம்தான் அவரைப் பெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மலைகளுக்கு நடுவில் குஸ்கோ என்று ஒரு நகரம். இன்கா அரசர்களின் தலைநகராக இருந்தது. முப்பது வருடமாக வரைபடத்தில் கோல் வைத்துக் காட்டிய ஊரைச் சாவதற்குள் ஒருதரம் காலால் மிதிக்க வேண்டும் என்று மடத்துக்கு ஆசை. பிடித்து நடக்க ஒரு கை வேண்டும். பயணப் பத்திரம், விசா எல்லாம் மடமே அலைந்து எடுத்துக் கொடுத்தார்.

லா சப்பலில் ஒருவரும் நம்பவில்லை. அந்த நாளில் எங்கள் ஆட்கள் விமானம் ஏறினால் அது கனடாவுக்கு. எங்கள் வீட்டுக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "பெருவாம்! உது கனடா. நான் எழுதித் தாறன்." அக்கா மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது நேரிலேயே கேட்டார்.

"அக்கா, பெரு எப்பிடி இடம்?"

"இன்னும் காணேல்லைத் தம்பி. போட்டு வந்து சொல்லுறன்."

மூன்று கிழமையில் திரும்பி வந்துவிட்டார். கனடா இல்லை என்பதே அண்ணைக்குப் பெரிய ஏமாற்றம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணையும் அவர் மனைவியும் மேலே ஏறி வந்தார்கள். அக்கா ஒரு கடதாசிப் பையில் வறுத்த சோளம் கொண்டுவந்திருந்தார். நகம் அளவு பருமன், ஒவ்வொன்றும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நிலத்தில் அமர்ந்தார். நான் சமையலறை வாசலில், கேட்காதவள் போல நின்றேன்.

"படம் எடுக்கேல்லையே?" என்றார் அண்ணை.

"மடம் கமரா கொண்டுவரேல்லை. படம் முப்பது வருசமாப் பாத்தாச்சு, இப்ப பாக்க வந்தனான் எண்டு சொன்னவ."

பிறகு சொல்லத் தொடங்கினார். விமானம் இறங்கும்போது நாலு பக்கமும் மலை. மூச்சு இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. விடுதியில் ஏதோ இலை போட்ட சுடுதண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு நாள் இருவரும் படுத்தே கிடந்தார்கள். மூன்றாம் நாள் மடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"வானம் கிட்ட இருந்தது. வெயிலிலை நிண்டால் சுடுகுது, ஒரு அடி தள்ளி நிழலுக்கை போனால் நடுங்குது. வீடெல்லாம் சிவப்பு ஓடு. சந்தையிலை உருளைக்கிழங்கு, ஊதா, மஞ்சள், கறுப்பு. பதினெட்டு விதம் எண்ணினன். அதுக்குள்ளை மடத்துக்குக் கால் உளைஞ்சிட்டுது. மிச்சம் எண்ணேல்லை."

அண்ணையின் மனைவி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஒரு ஒடுங்கல் தெரு. ரெண்டு பக்கமும் கல்லுச் சுவர். வீடுகளின்ரை அடிச்சுவர் அந்தக் காலத்து அரண்மனையளின்ரை, அது மடம் சொன்னது. சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை, கல்லுக்கு மேலை கல்லு. ஒண்டுபோல ஒண்டு இல்லை. ஆனால் ஒண்டோடை ஒண்டு அப்பிடிப் பொருந்தியிருக்குது. என்ரை பையிலை தையல் ஊசி இருந்தது. எடுத்து இடுக்கிலை வைச்சுப் பாத்தன். போகேல்லை. எங்கையாவது ஒரு இடத்திலை போகும் எண்டு தெரு முடியுமட்டும் வைச்சு வைச்சுப் பாத்தன். ஒரு இடத்திலையும் ஊசி நுழையேல்லை. முதுகிலை பிள்ளையைக் கட்டின ஒரு மனுசி நிண்டு பாத்திட்டு, என்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஒரு கல்லைக் காட்டினவ. அந்த ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு மூலை. சுத்தியுள்ள கல்லெல்லாம் அந்தப் பன்னிரண்டுக்கும் அளவாய் வெட்டியிருக்கு. மூண்டுதரம் எண்ணினன். பன்னிரண்டுதான்."



பிறகு ஒரு கோயில். சூரியனுக்குக் கட்டிய பழைய கோயிலின் சுவர்களுக்கு மேல் ஸ்பானியர்கள் வந்து மாதா கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பூமி அதிர்ச்சியில் மேலே கட்டியது இடிந்து விழ, கீழே இருந்த பழைய சுவர் அசையாமல் நின்றதாம். "விழுந்ததை நான் காணேல்லை, அது மடம் சொன்னது. நிக்கிறதைக் கண்டனான்" என்றார் அக்கா. "உள்ளுக்கை போய் மாதாவைக் கும்பிட்டன். வெளியிலை வந்து சுவரையும் தொட்டுக் கும்பிட்டன். சுவாமியாருக்குச் சொன்னாலும் பரவாயில்லை."

கடைசியாக, நகரத்துக்கு மேலே குன்றில் உள்ள கோட்டைக்குக் காரில் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லத் தொடங்கியதும் அவருடைய குரல் இறங்கிவிட்டது. கதவடியில் நின்ற நான் இரண்டடி முன்னால் வந்தேன்.

"ஒரு கல்லு. ஒரே கல்லு. என்னைப் போல அஞ்சு பேர் ஒருத்தருக்கு மேலை ஒருத்தர் ஏறி நிண்டாலும் அதின்ரை தலையைத் தொட ஏலாது. அப்பிடிக் கல்லுகளை மலைக்கு மேலை கொண்டுவந்து, அங்கையும் ஊசி போகாமல் பொருத்தி வைச்சிருக்கினம். இரும்பும் இல்லை, சில்லு வண்டிலும் இல்லை, அது மடம் சொன்னது. எப்பிடி ஏத்தினவை எண்டு மடத்தைக் கேட்டன். அவ முப்பது வருசம் படிப்பிச்சவ. தெரியாது எண்டா. ஒருத்தருக்கும் தெரியாது எண்டா. சொல்லேக்கை அவவின்ரை முகம் சின்னப் பிள்ளையின்ரை முகம் மாதிரி இருந்தது."

தாலிக்கொடியை விரலால் தடவிக்கொண்டார்.

"அவவின்ரை கையைப் பிடிக்கிறதுதான் என்ரை வேலை. அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவ. நான் கையை விட்டிட்டன். எப்ப விட்டனெண்டு தெரியாது. அந்தக் கல்லடிக்குப் போய் நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். வெயிலிலை கல்லு சூடா இருந்தது, ஆளின்ரை உடம்பு மாதிரி. திரும்பிப் பாத்தால் மடம் தனிய, தடியும் இல்லாமல், புல்லிலை குந்தியிருக்கிறா. விழுந்திட்டாவாக்கும் எண்டு ஓடிப்போனன். விழேல்லை. இருந்து அழுதவ. நானும் பக்கத்திலை இருந்தன். எவ்வளவு நேரமெண்டு பாக்கேல்லை."

எவ்வளவு நேரம் என்று பார்க்காத அக்காவை நான் அதுவரை அறிந்ததில்லை.

முதலில் சிரித்தது கடைக்கார அண்ணைதான்.

"அஞ்சு ஆள் உயரக் கல்லாம், ஊசி போகாதாம்! அக்காவுக்கும் வெளிநாட்டுக் காத்துப் பட்டிட்டுது, நல்லாப் புளுகத் தொடங்கிட்டா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் மனைவி சிரித்தார், என் கணவரும் சிரித்துவிட்டார். அக்கா அண்ணையை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை. தான் சொன்னதில் எது பிழைத்தது என்று தேடுகிறவரின் குழப்பம்தான் இருந்தது.

"அவ புளுகமாட்டா" என்றேன் நான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவரும் பேசுவதில்லை என்பது அண்ணைக்கும் தெரியும்.

"கண்டதைத்தான் சொல்லுவா. கல்லு அஞ்சு ஆள் உயரமெண்டால் அஞ்சு ஆள் உயரம்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. கல்லுக்குக் கண் சரியாக இருந்தவருக்குச் சந்தியில் மட்டும் எப்படிக் கண் மாறும்? உள்ளே போய்க் கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன்.

அவர்கள் போன பிறகு அக்கா துடைக்கும் துணியோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் அவரைப் பார்க்காமலே கேட்டேன்.

"அக்கா, தம்பியின்ரை சங்கதியைச் சொல்லுங்கோ. முழுக்க."

அவர் கோப்பை ஒன்றைத் துடைத்தபடி தொடங்கினார். காலை எட்டு மணி இருக்கும். பஸ் வரவில்லை. லொறி வந்தது. சந்தியில் நின்ற ஆண்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். பதினாலு பேர். பச்சைச் சேட்டு. ஓடப் பார்த்ததில் ஒரு செருப்பு கழன்றிருந்தது. இதுவரை நான் முன்பு கேட்டது. இந்தத் தரம் காதைப் பொத்தவில்லை.

"ஏழாவதா ஏறினவன். அவனுக்குப் பிறகு ஒரு வயசான மனுசன், கால் ஏலாதவர், ஏற முடியாமல் நிண்டவர். ஆமிக்காரன் துவக்குப் பிடியாலை அவரைக் குத்தினவன். உன்ரை தம்பி மேலை இருந்து குனிஞ்சு அவருக்குக் கை குடுத்தவன். அவன்ரை தோளிலையும் ஒரு அடி விழுந்தது. அப்பிடியும் இழுத்து ஏத்திப்போட்டுத்தான் நிமிந்தவன். பிறகு அந்த மனுசனைத் தனக்குப் பக்கத்திலை இருத்தினவன். லொறி கிழக்காலை போனது. அவ்வளவும்தான் நான் கண்டது."

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறார். நான் விடவில்லை. அம்மாவும் விட்டிருக்கமாட்டா.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. உயிரோடு இருப்பான் என்றும் சொல்லவில்லை. துடைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, நான் முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்த கிழமை வேலைக்கு லீவு போட்டு, காணாமற் போனவர்களைத் தேடித் தருகிற ஓர் அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை நாங்கள் ஒருவரும் தம்பியை எங்குமே தேடவில்லை. இந்தியாவில் சுகமாய் இருக்கிறவனை யார் தேடுவார்? கடைசியாகக் கண்டவர் யார், எந்த இடம், என்ன உடுப்பு, கூட யார் என்று படிவம் கேட்டது. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடம் போதாமல் இன்னொரு தாள் வாங்கினோம். அங்கே இருந்த பெண் இரண்டு தாளையும் படித்துவிட்டு, "எல்லாமே நீங்கள் நேரில் பார்த்ததா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பாக்காததைச் சொல்லேல்லை" என்றேன் நான், அக்காவுக்காக.

குளிர்காலம் முழுக்கப் பதில் இல்லை. வசந்தம் தொடங்கியபோது ஒரு தடித்த உறை வந்தது. இலங்கையின் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார் என்று பிரெஞ்சில் ஒரு கடிதம். அதோடு மடித்த ஒரு சின்னத் தாள். பென்சிலால் ஆறு வரி, தமிழில். அக்கா, சுகமாய் இருக்கிறேன், அம்மாவுக்குச் சொல்லுங்கோ என்று எனக்கு. அவன் வெளியே வர மேலும் பல மாதங்கள் பிடித்தன. ஆனால் எனக்கு அவன் திரும்பி வந்தது அந்த ஆறு வரியில்தான்.

வீட்டில் நிற்க முடியாமல் படியிறங்கி ஓடினேன். மூன்றாம் மாடியில் அக்கா, வேலை முடிந்து, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, தம்பி உயிரோடை இருக்கிறான்!"

"ஆர் கண்டது?"

தாளை நீட்டினேன். அவர் பையைப் படியில் வைத்துவிட்டு, மாடிச் சன்னல் வெளிச்சத்துக்குத் தாளைப் பிடித்தார். ஆறு வரியையும் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது அவன்ரை எழுத்துத்தானே? நீ கண்டு பழகின எழுத்தே?"

"ஓம் அக்கா. 'அ' வை அவன் இப்பிடித்தான் சுழிச்சு எழுதுவான்."

"அப்ப சரி" என்றார்.

அப்படியே படியில் அமர்ந்தார். தாளை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார். கன்னம் இரண்டும் நனைந்துகொண்டிருந்தன. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அந்த வயசான மனுசனும் இருப்பார்" என்றார். "உன்ரை தம்பி அவரை விட்டிருக்கமாட்டான்."

தான் காணாத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.